வீட்டுப் பாணுக்குச் சீனி: போட்டுச் சுட்டதும் போடாமல் சுட்டதும்

வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் ஓரத்தில் உள்ள எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாட்கள், புதனும் சனியும், பாண் சுடுகிறோம். 2022ஆம் ஆண்டு இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலையேற்றமும் எரிபொருள் தட்டுப்பாடும் ஒன்றாக வந்து, காலையில் ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் முச்சக்கரவண்டி வராமல் நின்ற நாட்களில் தொடங்கிய வேலை இது. வண்டி பிறகு வரத் தொடங்கிவிட்டது. ஆனாலும் நாங்கள் சுடுவதை விடவில்லை. முதல் ஏழெட்டு மாதங்கள் ஒவ்வொரு தடவையும் சீனி போட்டே மாக் குழைத்தோம். அதன் பின் இன்றுவரை அன்றாடப் பாணுக்குச் சீனி போடுவதில்லை. இரண்டையும் ஒரே கையால், ஒரே அவணில் சுட்டுப் பார்த்தவள் என்ற அளவில் ஒப்பிட்டு எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை: சம்பலோடும் சொதியோடும் உண்ணும் பாணுக்குச் சீனி தேவையில்லை. பணிஸ் என்ற சிறு இனிப்புப் பாண் வேறு விடயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 500 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி சீனி போட்டால் இனிப்பு நாக்குக்குத் தெரியாது. இரண்டு மேசைக்கரண்டி போட்டால் தெரியும். அந்த இனிப்பு தேநீருக்கும் வாழைப்பழத்துக்கும் பொருந்தும், மீன் குழம்புக்குப் பொருந்தாது. செலவும் ஒரு காரணமல்ல. ஒரு றாத்தல் பாணுக்குப் போகும் சீனி ஒரு கோப்பைத் தேநீருக்குப் போகும் சீனியைவிட அதிகமில்லை.

ஆனால் நலம் பற்றிய ஒரு நம்பிக்கையைத் திருத்தாமல் கடக்க முடியாது. என் அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. பாணில் சீனியை நிறுத்தியது அதற்காகத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியான காரணமாக இருந்திருக்க முடியாது. கோதுமை மாவின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாச்சத்துத்தான். 500 கிராம் மாவில் 370 கிராம் அளவுக்கு இருக்கும் அந்த மாச்சத்து உடலுக்குள் போய்க் குளுக்கோசாகவே மாறுகிறது. அதற்குப் பக்கத்தில், ஒரு தேக்கரண்டியில் கொள்ளும் நான்கைந்து கிராம் சீனி கணக்கிலேயே வராது. அந்த நான்கைந்து கிராமிலும் பெரும்பகுதியை அவணுக்குள் போகுமுன்பே ஈஸ்ற் தின்று முடித்துவிடும். சீனி போடாத பாண்தானே என்ற நம்பிக்கையில் அம்மா ஒரு துண்டு கூடுதலாக எடுத்தால், போட்ட பாணில் ஒரு துண்டு குறைவாக உண்பதைவிட அது கெடுதலானது. சீனி வருத்தக்காரர் பார்க்க வேண்டியது துண்டுகளின் எண்ணிக்கையையும், பாணோடு சேர்த்து உண்ணும் பருப்பு, மீன், இலைக்கறி ஆகியவற்றின் அளவையும்தான்.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். நான் முதன்முதலில் சீனி இல்லாமல் மாக் குழைத்த நாளில், அடுத்த வளவுப் பெரியம்மா வேலிக்கு அப்பால் நின்று, "சீனி போடாட்டி ஈஸ்ற் எதைத் தின்னும் பிள்ளை? எழும்பாதே," என்றார். ஈஸ்ற் பொதியோடு வரும் குறிப்பும், சமையல் வகுப்பில் எழுதித் தரும் செய்முறையும், இளஞ்சூட்டு நீரில் சீனி கரைத்து ஈஸ்ற் தூவுவதில் தொடங்குவதால், சீனி இல்லாவிட்டால் மா எழும்பாது என்ற எண்ணம் எல்லோரிடமும் ஊறியிருக்கிறது. உண்மை வேறு. கோதுமை மாவுக்குள்ளேயே ஒன்று முதல் இரண்டு வீதம் வரை கரையக்கூடிய வெல்லச் சத்துகள், அதாவது சீனி வகைகள், இருக்கின்றன. அதாவது 500 கிராம் மாவுக்குள் நாம் போடாமலே ஒன்றிரண்டு தேக்கரண்டி இருக்கிறது. ஈஸ்ற், அதாவது பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் மதுவம் என்று படித்த அதே உயிர், தன் வேலையை அதில்தான் தொடங்குகிறது. அது தீரும் தறுவாயில் அடுத்த உணவும் ஆயத்தமாகியிருக்கும். ஆலையில் அரைபடும்போது மாப்பொருள் மணிகளில் ஒரு பகுதி உடைகிறது. மாவில் நீர் பட்டதும், தானியத்திலேயே உள்ள அமைலேசு என்ற நொதியம் அந்த உடைந்த மணிகளைப் பிரித்து மோல்ற்றோசு என்ற வெல்லமாக்குகிறது. இது மா நனைந்திருக்கும் நேரம் முழுவதும் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே ஈஸ்றுக்கு உணவு தட்டுப்படுவதில்லை. நாம் போடும் சீனி, வீட்டில் சோறு வெந்துகொண்டிருக்கும்போது வந்தவருக்கு முதலில் நீட்டும் தேநீரைப் போன்றது. பசியைச் சற்று முன்கூட்டியே ஆற்றும், அவ்வளவுதான்.

பிரான்சில் 1993இல் பிறப்பித்த அரசாணை ஒன்று, மரபுப் பாண் என்ற பெயரில் விற்பதற்கு என்னென்ன சேரலாம் என்று வரையறுக்கிறது: கோதுமை மா, குடிநீர், உப்பு, பொங்க வைக்க ஈஸ்ற் அல்லது புளித்த மா. அந்த வரிசையில் சீனி இல்லை. ஆனால் 0.3 வீதம் வரை முளைத்த கோதுமை மா சேர்க்க அனுமதி இருக்கிறது. முளைத்த தானியத்தில் அமைலேசு மிகுதி என்பதுதான் அதற்குக் காரணம். வெல்லத்தை வெளியிலிருந்து கொட்டுவதைவிட, மாவுக்குள்ளிருந்து வரவழைப்பதே அவர்கள் தேர்ந்த வழி.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. ஒட்டுசுட்டான் பக்கத்தில் முன்பு ஒரு வெதுப்பகத்துப் போறணையில் வேலை செய்த முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சீனி தங்கத்தைப் போல் அருமையாக இருந்த நாட்களில், சீனி முழுவதும் பணிசுக்கே ஒதுக்கப்பட்டது என்றும், பாணுக்கான மாவை முன்னிரவிலேயே குழைத்து வைத்துவிட்டு, சாமம் கழிந்து போறணைக்கு விறகு போடும்போது எடுத்தால் அது தொட்டியை நிரப்பிக்கொண்டு நிற்கும் என்றும் சொன்னார். எங்கள் வீட்டிலும் அக்காலத்தில் தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடித்தோம். ஆனால் பாண் கிடைத்த நாட்களில் அது எழும்பாத பாணாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நானே ஒரு சனிக்கிழமை இதைச் சோதித்தேன். ஒரே பையிலிருந்து 250 கிராம் வீதம் இரண்டு பங்கு மா, ஒரே அளவு நீர், உப்பு, ஈஸ்ற்; ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி சீனி. வைகாசி மாத மதியம், குசினிக்குள் 32 பாகை வெப்பம். சீனி போட்ட மா 40 நிமிடத்தில் இரட்டித்தது. போடாதது 50 நிமிடத்தில் அதே உயரத்துக்கு வந்தது. குளிர் நாட்டு வீட்டில் அந்த வேறுபாட்டுக்கு ஒரு பெறுமதி இருக்கலாம். வன்னி வெயிலில் நமக்கு வேண்டியது மாவை விரைவுபடுத்துவது அல்ல, பிடித்து நிறுத்துவது. சீனியும் முழு அளவு ஈஸ்றும் போட்ட மாவைப் பங்குனி சித்திரையில் மூடி வைத்துவிட்டு, மிளகாய்க் கன்றுக்கு நீர் மாறிவிட்டு வருவதற்குள், அது பொங்கி, வலுவிழந்து, நடுவில் குழிந்துவிடும்.

சீனிக்கு உரிய பெருமையையும் மறைக்கக் கூடாது. அது மூன்று வேலைகளை உண்மையாகச் செய்கிறது. மேல்தோலுக்குப் பொன்னிறம் தருகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மாவுக்கு இழுவை தரும் குளுட்டன் என்ற புரதம் இறுகுவதைத் தளர்த்திப் பாணை மெதுவாக்குகிறது. இவற்றுள் நிறத்தைப் பற்றிய முறைப்பாடே என்னிடம் அதிகம் வருகிறது: "சீனி போடாமல் சுட்டேன், பாண் வெள்ளையாகவே இருந்தது, பிணம் போல வெளிறிப்போனது." இதில் பெரும்பாலும் குற்றம் சீனி இல்லாமையில் இல்லை. மா அளவுக்கு மேல் புளித்துவிட்டால், மேல்தோல் சிவப்பதற்கு இருக்க வேண்டிய மோல்ற்றோசையும் ஈஸ்ற் தின்று தீர்த்துவிடுகிறது. எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்தப் பாண் சிவக்காது, காய்ந்துதான் போகும். நம் ஊர் வெப்பத்தில் இது மிக எளிதில் நடக்கும். அதற்கு மருந்தாகச் சீனியைக் கூட்டினால், அந்தச் சீனி ஈஸ்றை மேலும் விரைவாக ஓடச் செய்து, அடுத்த தடவை மாவை இன்னும் சீக்கிரம் புளிக்க வைக்கும். செய்ய வேண்டியது ஈஸ்றைக் குறைப்பதும், மா இரட்டிப்பதற்குச் சற்று முன்னதாகவே எடுத்து அச்சில் இடுவதும்தான். இன்னொரு காரணம் அவண். சீனி போட்ட பாண் 190 பாகையிலேயே சிவந்துவிடும். போடாததற்கு 220 பாகை வேண்டும். சின்ன மின்சார அவண்கள் பல, எண் காட்டினாலும் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. இருபது நிமிடமாவது வெறுமனே சூடேற்றிய பிறகே பாணை உள்ளே வைக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் மேலே பால் தடவலாம், அல்லது ஒரு மேசைக்கரண்டி பால்மாவைச் சேர்த்துக் குழைக்கலாம். பாலிலுள்ள லக்ரோசு என்ற வெல்லத்தை இந்த ஈஸ்றால் தின்ன முடியாது. அது முழுதாக மிஞ்சி நின்று மேல்தோலைச் சிவக்கச் செய்யும்.

இவை எல்லாம் சரிக்குச் சரியாகப் போகக்கூடியவை. என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: மறுநாள்.

சுட்ட அன்று இரண்டு பாணுமே நன்றாகத்தான் இருக்கும். சூடாக வெட்டிய பாணைக் குறை சொல்லும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாட்கள் மட்டும் சுடுகிற வீட்டில், பாணின் பெரும்பகுதி மறுநாள் காலைக்கும் அதற்கடுத்த நாளுக்கும் உரியது. வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கும் பாண் எப்படி இருக்கிறது என்பதே எனக்குப் பரீட்சை. இந்தப் பரீட்சையில் முதலில் தோற்றது நான் இன்று சார்ந்து நிற்கும் பக்கம்தான். சீனியை நிறுத்திய முதல் மாதத்தில், மற்ற எதையும் மாற்றாமல், அதே ஐந்து கிராம் ஈஸ்றோடு இரண்டு மணி நேரத்தில் சுட்ட பாண், மறுநாள் காலையில் இறுகி, கத்தி பட்டதும் தூளாக உதிர்ந்தது. சீனி போட்ட பாணோ மறுநாளும் விரலால் அமுக்கினால் எழும்பி வந்தது. அம்மா நேராகவே சொன்னார்: "முந்தின பாண் நல்லது." அப்போது நான் சீனிக்கே திரும்பியிருக்கலாம், திரும்பவும் இருந்தேன்.

திரும்பாமல் நின்றதற்குக் காரணம், பாண் ஏன் இறுகுகிறது என்பதைத் தேடிப் படித்தது. காய்ந்துபோவதால் இறுகுகிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் காற்றுப் புகாமல் பொலித்தீன் பையில் கட்டி, ஒரு துளி ஈரமும் வெளியேறாமல் வைத்தாலும் பாண் இறுகும். வேகும்போது நீரை உறிஞ்சி ஊதிய மாப்பொருள், ஆறிய பின் மெல்ல மெல்லப் பழையபடி அடுக்காகச் சேர்ந்து கெட்டியாகிறது; காலையில் வடித்த சோறு இரவில் விறைத்து நிற்பதும் இதே காரணத்தால்தான். குளிர்சாதனப் பெட்டியின் சூடு, அதாவது 0 முதல் 5 பாகை வரை, இந்த இறுக்கத்துக்கு மிக வாய்ப்பான சூடு. பழுதாகாமல் இருக்கட்டும் என்று பாணைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பவர் அதைப் பல மடங்கு விரைவாக முதுமையாக்குகிறார் என்றே நான் சொல்வேன். வைப்பதென்றால் உறைய வைக்கும் மேல் தட்டில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே. திரும்ப 60 பாகைக்கு மேல் சூடாக்கினால் இறுகிய பாண் தளரும். தோசைக்கல்லில் வாட்டிய துண்டு மெதுவாவது அதனால்தான்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு கேள்வியே மாறிவிடுகிறது. மாப்பொருள் நீரைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும்படி செய்ய வேண்டும். சீனி அதற்கான ஒரு வழி, ஒரே வழியல்ல. எனக்குக் கைகொடுத்தவை இரண்டு.

முதலாவது, மாக்கூழ். ஜப்பானிலும் சீனாவிலும் மெதுவான பாண் சுடுபவர்கள் மாவின் ஒரு சிறு பகுதியை முன்கூட்டியே நீரில் வேகவைத்துச் சேர்க்கிறார்கள். நமக்கு இது புதிய வித்தையே அல்ல, ஆடியில் கூழ் காய்ச்சும் கை நம்முடையது. 500 கிராம் மாவில் 25 கிராமை எடுத்து, 125 மில்லிலீற்றர் நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு நெருப்பில் துழாவ வேண்டும். 65 பாகையை எட்டும்போது அது தடித்து, அகப்பையின் தடம் சட்டியின் அடியில் சற்று நேரம் தெரியும். அப்போது இறக்கி ஆறவிட வேண்டும். வெந்த மாப்பொருள் பச்சை மாவைவிடப் பல மடங்கு நீரைப் பிடிக்கும். அதனால் மா கையில் ஒட்டாமலே கூடுதல் நீரைத் தாங்கும். பாணும் அந்த நீரை மறுநாள்வரை விட்டுவிடாது. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயும் இதோடு சேர்ந்தால், சீனி போட்ட பாணின் மெதுமைக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம். அம்மாவின் கையில் சொல்லாமல் கொடுத்துப் பார்த்தேன்; அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் துண்டை எடுத்தார்.

இரண்டாவது, நேரம். இரண்டு மணி நேரத்தில் பொங்க வைத்த மாவையும், இரவு முழுவதும் மெல்லப் பொங்கிய மாவையும் ஒரே நாளில் சுட்டு, மறுநாள் வெட்டிப் பார்த்தால், வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நீண்ட நேரம் நனைந்த மா நீரை முழுதாக உறிஞ்சுகிறது, குளுட்டன் தானாகவே இழுபட்டுச் சேர்கிறது, மணம் ஏறுகிறது. இன்னொரு பயன் வன்னிக்கு மிகவும் வேண்டியது. மெல்லப் புளித்த மாவில் சற்றே அமிலத்தன்மை கூடுகிறது. மாரி காலத்தில், வெளியே மழையும் உள்ளே புழுக்கமுமாக இருக்கும் நாட்களில், சுட்ட மறுநாளே பாணின் நடுப்பகுதி பிசுபிசுத்து, பிய்த்தால் நூல் போல இழுபட்டு, அழுகிய பழத்தின் வாசம் வீசுவதைப் பலர் கண்டிருப்பார்கள். மாவிலும் மண்ணிலும் உள்ள ஒருவகைப் பக்ரீரியாவின் வித்துகள் போறணைச் சூட்டிலும் சாகாமல் தப்பி, பின்னர் வெப்பத்திலும் ஈரத்திலும் முளைப்பதால் வருவது அது. அமிலம் கூடிய பாணில் அவை எளிதில் முளைப்பதில்லை. சீனி போட்டு விரைவாகச் சுட்ட காலத்தில் கார்த்திகை மாதத்தில் இரண்டு தடவை இப்படிப் பாணை முழுதாகக் கோழிக்குக் கூடப் போடாமல் புதைக்க வேண்டியிருந்தது. இரவுப் புளிப்புக்கு மாறிய பின் ஒரு தடவையும் நேரவில்லை. அறையைத் துடைத்ததும், பாணை நன்றாக ஆறவிட்டே பையில் கட்டப் பழகியதும் இதற்கு உதவியிருக்கலாம் என்பதால், முழுப் புகழையும் புளிப்புக்கே கொடுக்க நான் துணியமாட்டேன்.

மூன்றாம் நாள் மிஞ்சும் துண்டுகளைத் தோசைக்கல்லில் வாட்டும்போதும் வேறுபாடு தெரிகிறது. சீனி போட்ட துண்டின் விளிம்பு கருகிய பிறகும் நடு ஈரமாகவே நிற்கும். போடாத துண்டு மெல்ல, ஒரே சீராகச் சிவந்து மொறுமொறுக்கும். றோஸ் பாணுக்குப் பருப்பும் கட்டச் சம்பலும் வைத்து உண்பவருக்கு இது சிறிய விடயமல்ல.

பனங்கட்டி போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அது சீனிக்கு மாற்று இல்லை, சீனியின் இன்னொரு வடிவம். ஈஸ்ற் இரண்டையும் ஒன்றாகவே தின்னும். நிறமும் வாசமும் கூடும், அதற்காக விரும்புபவர் போடட்டும். காட்டுத் தேன் விட்டு இரண்டே தடவைதான் சுட்டிருக்கிறேன். இரண்டும் நன்றாகச் சிவந்தன, ஒன்று மெதுவாகவும் மற்றது இறுக்கமாகவும் வந்தது. இரண்டு பாணை வைத்துத் தேனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆட்டா மாவிலும் என் அனுபவம் குறைவு: அது வெள்ளை மாவைவிட விரைவாகப் புளிக்கிறது என்பதையும், சீனியின் தேவை அதில் இன்னும் குறைவு என்பதையும் மட்டும் கண்டிருக்கிறேன்.

சீனி தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஈஸ்ற் உயிரோடு இருக்கிறதா என்று ஐயம் வந்தால், கை பொறுக்கும் சூட்டு நீரில், 40 பாகைக்கு மேற்படாமல், அரைத் தேக்கரண்டி சீனியும் ஈஸ்றும் கலந்து பத்து நிமிடம் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. நுரைக்காவிட்டால் 500 கிராம் மாவை வீணாக்காமல் தப்பலாம். நம் வெப்பத்தில் உடைத்த பொதி வெளியே கிடந்தால் சில வாரங்களில் வலுவிழந்துவிடும்; போத்தலில் இறுக மூடி உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். நேரடியாக மாவில் கலக்கும் வகை ஈஸ்றுக்கு, அது புதிதாக இருக்கும்வரை, இந்தச் சோதனை தேவையில்லை.

மற்றது பணிஸ். இங்கே நான் முழுதாகச் சீனியின் பக்கம். 500 கிராம் மாவுக்கு 60, 70 கிராம் சீனி இல்லாமல் பணிசுக்குரிய மெதுமையும் நிறமும் வராது. ஆனால் மாவின் எடையில் ஐந்து வீதத்தைக் கடந்ததும் சீனியே ஈஸ்றுக்கு எதிரியாகத் தொடங்குகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ அப்படியே, மிகுந்த சீனி ஈஸ்ற் கலத்திலிருந்து நீரை வெளியே இழுத்து அதைச் சோரச் செய்கிறது. அதனால் பணிஸ் மாவுக்கு ஈஸ்றும் நேரமும் கூட வேண்டும். சீனி கூடினால் மா விரைவாக எழும்பும் என்று அள்ளிப் போட்டுவிட்டு, எழும்பாத மாவைப் பார்த்து ஈஸ்றைக் குறை சொல்பவர்கள் பலர். பாண் எங்கே முடிந்து இனிப்புப் பண்டம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அயர்லாந்தில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது: அங்குள்ள வரிச் சட்டம், மாவின் எடையில் இரண்டு வீதத்துக்கு மேல் சீனி சேர்ந்தால் அதை அடிப்படை உணவான பாணாகக் கொள்வதில்லை; 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பத்து வீதம் சீனி சேர்ந்த ஒரு நிறுவனத்துப் பாணுக்கு அந்த வரிச் சலுகை கிடையாது என்று தீர்த்தது. இரண்டு வீதம் என்றால் 500 கிராம் மாவுக்கு 10 கிராம். வீட்டில் சீனி போட்டே தீருவேன் என்பவருக்கும் அது நல்ல எல்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் மாலையில் சுட்டு அன்றே விற்றுவிடும் அக்கா ஒருவர் இருக்கிறார். மதியம் இரண்டு மணிக்குக் குழைத்து ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டும். அவருடைய பாண் மறுநாளைப் பார்ப்பதே இல்லை. அவர் சீனி போடுகிறார், அவருக்கு அது சரி. பாணை மறுநாளும் உண்ணும் வீட்டுக்கு நான் சொல்வது என் வழியையே.

முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு, ஆறிய மாக்கூழோடு மீதி 475 கிராம் மா, 215 மில்லிலீற்றர் நீர், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், கால் தேக்கரண்டி ஈஸ்ற் ஆகியவற்றைச் சேர்த்து, மா ஒன்றாகச் சேரும்வரை மட்டும் குழைத்து, மூடி வைக்கிறோம். கால் தேக்கரண்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எட்டு மணி நேரத்தில் அது போதும். சித்திரை, வைகாசியில் இரவும் வெந்துகொண்டிருக்கும். அப்போது ஈஸ்றை அதிலும் பாதியாக்கி, மண்பானை நீரில் குழைக்கிறேன். வாடைக்காற்று வீசும் மார்கழி, தையில் கால் தேக்கரண்டிக்குச் சற்று மேலே போட்டு, ஆறு மணிவரை விட்டுவைக்கிறேன். காலை ஐந்து மணிக்கு மாவை மெல்ல மடித்து, சுருட்டி, எண்ணெய் தடவிய அச்சில் இட்டால், ஒரு மணி நேரத்தில் அச்சின் விளிம்புக்கு மேல் ஒரு விரல் உயரம் வரும். 220 பாகையில் முப்பது நிமிடம். எடுத்ததும் அச்சிலிருந்து கழற்றி, காற்றுப் படும்படி வைத்து, குறைந்தது ஒரு மணி நேரம் கத்தியைக் காட்டாமல் விடுவது கடினம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிகவும் கடினம். ஆகவே ஓர் ஓரத்தை அவர்களுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, வெட்டிய முகத்தைக் கீழே வைத்து மற்றதை ஆறவிடுகிறோம்.